பல் கிளிப்: இரண்டாவது முறை போட்டவளின் அனுபவம்

பல்லுக்குக் கிளிப் போட்டதில் எனக்கு இரண்டு அனுபவம் உண்டு. முதல் தடவை பத்தாம் வகுப்பு முடித்த லீவில். இரண்டாவது தடவை 28 வயதில். கழற்றி நான்கு மாதம் ஆகிறது.

முதல் தடவை கழற்றிய அன்று ஒரு ரிடெய்னரை, அதாவது சீராக்கிய பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் கருவியை, கையில் கொடுத்தார்கள். அண்ணத்தோடு ஒட்டும் ரோஸ் நிறத் தகடு, முன்னால் ஒரு கம்பி. "கொஞ்ச நாள் போட்டுக்கோம்மா" என்றார்கள். எத்தனை நாள், எதற்கு என்று சொல்லவில்லை. கேட்கும் விவரம் எனக்கும் அப்போது இல்லை. கல்லூரி ஹாஸ்டலில் அது டப்பாவிலேயே கிடந்தது. படிப்பு முடிவதற்குள் மேல் முன்பல் மறுபடி துருத்திக்கொண்டது. அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. இன்றும் மனசு ஆறவில்லை.

இந்தத் தடவை பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த டாக்டரைத் தேடிப் போனேன். உலோகக் கிளிப், செராமிக், அலைனர் என்று மூன்றையும் மேசையில் வைத்துக் காட்டினார். அலைனர் என்பது பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை; கண்ணுக்குத் தெரியாது, கழற்றிப் பல் தேய்க்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். காபி குடிக்கக்கூடக் கழற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அது சரிப்படாது. செராமிக் பார்க்க அழகு, விலை கூடுதல். அதிலும் கம்பியைப் பிடித்திருக்கும் நிறமில்லாத ரப்பர் வளையம் நம் சாம்பார் மஞ்சளில் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும் என்று டாக்டரே சொன்னார். உலோகத்தையே எடுத்துக்கொண்டேன். சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கினேன், கறை தெரியவே இல்லை. எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய், தவணையில் கட்டினேன்.

ஒரு விஷயம் மறக்க முடியாது. முதலில் மாட்டும் மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பியை டாக்டர் விரலால் நன்றாக வளைத்துவிட்டார். விட்டதும் அது பழைய வளைவுக்கே திரும்பியது. "இது திரும்பப் பார்க்கிற வேகத்தில்தான் பல் நகருது" என்றார். பல் அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விலகும் பக்கத்தில் புதிதாக வளர்கிறது. அதற்கு நாளாகும், அவசரப்படுத்தினால் வேருக்குக் கேடு. எனக்கு 19 மாதம் ஆனது.

வலி? கம்பி மாட்டிய அன்று ராத்திரி தொடங்கி மூன்று நாள். குழைய வடித்த ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. அப்புறம் பழகிவிட்டது. கோகுலாஷ்டமிக்கு ஒரே ஒரு சீடை கடித்தேன், பல்லில் ஒட்டியிருக்கும் சின்னப் பிராக்கெட் ஒன்று கழன்றுவிட்டது. அதை ஒட்ட இன்னொரு நாள் அலைந்தேன். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் துணை. பல் இடுக்குக்கான சின்ன பிரஷ் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஈறு வீங்கிய மாணவர்களை என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

கழற்றிய அன்றுதான் இந்த டாக்டரின் அருமை புரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து ரிடெய்னரைப் பற்றி மட்டுமே பேசினார். பல்லைச் சுற்றியிருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும், அவை அடங்க நெடுநாள் ஆகும். முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும்; பிறகு ராத்திரிதோறும். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பியையும் ஒட்டிவிட்டார். மேல் பற்களுக்குக் கழற்றி மாட்டும் கண்ணாடி மாதிரியான ஒரு தட்டு. அதைச் சுடுதண்ணீரில் கழுவக் கூடாது, வடிவம் போய்விடும். சாப்பிடும்போது டப்பாவில்தான் வைக்க வேண்டும். எங்கள் பள்ளி டீச்சர் ஒருவரின் மகன் கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் வைத்தான். இலையை மடித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

பிள்ளைகளுக்குக் கிளிப் போட நினைப்பவர்கள் முதல் நாளே "கழற்றின பிறகு என்ன செய்யணும், ரிடெய்னர் காசு இதில் சேர்த்தியா?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது டப்பாவை மறந்துவிட்டு இரண்டு நாள் போடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மாட்டும்போது அந்த முன்பல்லில் இறுக்கியது, முதல் தடவை துருத்திய அதே பல்.