டர்ட் பைக் கடைக்கு எந்த சாஃப்ட்வேர்? டேலி, ஜோஹோ, வியாபார்: என் தீர்ப்பு

பில் போடத் தெரியாத சாஃப்ட்வேர் என்று இன்றைக்கு எதுவும் இல்லை. போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்பில் தொடங்கி லட்சக்கணக்கில் செலவு வைக்கும் ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் நடத்தும் பெரிய சாஃப்ட்வேர்) வரை எல்லாமே ஜிஎஸ்டி பில் அடிக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பும், கீழே கியூஆர் கோடும் போட்டுத் தரும். அதனால் டெமோ காட்ட வருகிறவர் அழகாக ஒரு பில் போட்டுக் காட்டியதும் தலையாட்டிவிடாதீர்கள். டர்ட் பைக், அட்வென்ச்சர் பைக் வேலை பார்க்கிற கடைக்கு சாஃப்ட்வேர் தேவைப்படுவது பில்லுக்கு முந்தைய நாட்களுக்குத்தான். வண்டி உள்ளே வரும், பிரித்துப் போடுவோம், இருக்கிற பார்ட்ஸை மாட்டுவோம், இல்லாததை ஆர்டர் போட்டுவிட்டு வண்டியை ஒரு மூலையில் நிறுத்துவோம், நடுவில் இன்னொரு கஸ்டமர் கவுன்டரில் வந்து நின்று "அண்ணா, எக்ஸ்பல்ஸுக்கு பிரேக் பேடு இருக்கா?" என்பார், கடைசி செட்டை எடுத்துக் கொடுத்துவிடுவோம், அது மூலையில் நிற்கிற வண்டிக்காக எடுத்து வைத்த செட் என்று சாயங்காலம் மெக்கானிக் வந்து சொல்லும்போதுதான் தெரியும். இதைத் தடுக்கிற சாஃப்ட்வேர் எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது.

எங்கள் கடை கோவையில். ஹீரோவின் எக்ஸ்பல்ஸும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயனும்தான் அதிகம் வரும், கூடவே சில ரேஸ் வண்டிகள். ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் கவுன்டரில் ஸ்பேர்ஸ், ஹெல்மெட், ஜெர்சி. இந்த அளவுக் கடைக்காகத்தான் எழுதுகிறேன். ஷோரூம் நடத்துகிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு டீலர் சிஸ்டத்தைக் கொடுத்துவிடும், அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

முதலில் கராஜ் சாஃப்ட்வேர்கள். ஜாப் கார்டு (வண்டிக்கு என்ன வேலை, என்ன பார்ட்ஸ் என்று எழுதி வைக்கும் சீட்டு), எஸ்டிமேட், சர்வீஸ் ஞாபகமூட்டல் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவை கார், ஸ்கூட்டர் பட்டறைகளை மனதில் வைத்துச் செய்தவை. நான் பார்த்த ஒன்றில் முதல் திரையே வண்டி நம்பர் கேட்டது, அதைப் போடாமல் அடுத்த திரைக்குப் போக முடியவில்லை. கவாஸாகி கேஎக்ஸ் மாதிரி மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு நம்பரே கிடையாது. ட்ராக்கில் மட்டும் ஓட்டும் வண்டிகள், ஆர்டிஓ பதிவே ஆகாது. ஃபிரேம் நம்பரை வைத்துத்தான் அடையாளம். அடுத்தது கிலோமீட்டர் கேட்டது. ரேஸ் வண்டியில் ஓடோமீட்டர் இருக்காது, ஹவர் மீட்டர்தான் இருக்கும், ஆயிலும் பிஸ்டனும் ஓடிய மணி நேரத்தைப் பார்த்துத்தான் மாற்றுவோம். "நம்பர் இடத்தில் 0000 போட்டுக்கலாம் சார்" என்றார் விற்க வந்தவர். சரி, இரண்டாவது கேஎக்ஸ் வந்தால்? அதற்கும் 0000 போடுவதா?

ஆகவே எந்த டெமோவிலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: நம்பர் இல்லாத வண்டிக்கு ஜாப் கார்டு திறந்து காட்டுங்கள். பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள்.

டேலிக்கு வருவோம். ஏதோ ஒரு காலத்தில் டேலி கோர்ஸ் படித்த ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார், ஆடிட்டர் ஆபீஸிலும் மாதம் பிறந்தால் டேலி பேக்கப்பைத்தான் கேட்பார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், வேறு எதை வாங்கினாலும் கடைசியில் அந்தக் கணக்கை டேலிக்குள் கொண்டுபோக யாருக்காவது தனியாகக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கம்ப்யூட்டருக்கான சில்வர் லைசென்ஸ் நான் பார்த்தபோது 22,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு முறை வாங்கினால் போதும், அப்டேட் வேண்டுமென்றால் மட்டும் வருடா வருடம் தனிச் சந்தா.

டேலி பிரைமில் ஜாப் கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது. மெனுவில் "ஜாப் வொர்க்" என்று ஒன்று கண்ணில் படும், ஏமாற வேண்டாம், அது பொருளை வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்கும் உற்பத்தியாளர்களுக்கானது. டேலி பார்ட்னர்கள் ஜாப் கார்டுக்கென்று தனி ஆட்-ஆன் விற்கிறார்கள். அதை வாங்குவதற்கு முன்னால் டேலியிலேயே இருக்கிற டெலிவரி நோட்டை (பில்லுக்கு முன்னால் பொருள் வெளியே போனதைப் பதியும் சீட்டு) ஒரு முறை முயன்று பாருங்கள். எங்கள் கடை இப்போது இதில்தான் ஓடுகிறது. வண்டி வந்ததும் அந்த வண்டிக்கு ஒரு ட்ராக்கிங் நம்பர், மெக்கானிக் கையில் எந்தப் பார்ட் போனாலும் அந்த நம்பரில் டெலிவரி நோட்டு. அந்த நிமிடமே ஸ்டாக்கில் குறைந்துவிடும், கவுன்டரில் இருக்கிறவர் அதை எடுத்து விற்க முடியாது. வேலை முடிந்து பில் போடும்போது அதே ட்ராக்கிங் நம்பரைத் தேர்வு செய்தால் போட்ட பார்ட்ஸ் மொத்தமும் பில்லுக்குள் வந்து உட்காரும், மேலே லேபரைச் சேர்த்தால் முடிந்தது. இதில் இன்னொரு லாபம், பில் ஆகாமல் கிடக்கும் விற்பனைகளுக்கென்று டேலியில் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அதைத் திறந்தால் பட்டறையில் எந்தெந்த வண்டி பாதியில் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் நம் பணம் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். இதற்காகவே டேலிக்கு என் ஓட்டு.

ஃபோர்க் ஆயிலை லிட்டர் கணக்கில் வாங்கி மில்லி கணக்கில் ஊற்றுகிறோம் இல்லையா, அதற்கும் டேலியில் வழி உண்டு. 1 லிட்டர் என்பது 1000 மில்லி என்று கூட்டு அளவை உருவாக்கி வைத்தால் போதும். ஒரு சஸ்பென்ஷன் வேலைக்கு எவ்வளவு ஆயில் போனதோ அவ்வளவு மட்டும் ஸ்டாக்கில் குறையும்.

எந்தப் பார்ட் எந்த வண்டிக்குச் சேரும் என்பது டேலியின் பலவீனமான இடம். 90/90-21 முன் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸ் 200க்கும் அதுதான், பழைய ஹிமாலயன் 411க்கும் அதுதான், புதிய 450க்கும் அதே சைஸ்தான். பின் டயரோ மூன்றிலும் வேறு வேறு: 120/80-18, 120/90-17, 140/80-17. வண்டிப் பெயரை அடித்தால் அதற்குச் சேரும் பொருள்கள் எல்லாம் வர வேண்டும் என்றால் டேலியில் அதற்கென்று இடம் கிடையாது. ஏலியாஸில், அதாவது பொருளுக்கு வைக்கும் மாற்றுப் பெயரில், போடலாமே என்பீர்கள், ஒரே ஏலியாஸை இரண்டு பொருளுக்கு வைக்க டேலி விடாது. பொருளின் பெயரிலேயே "டயர் முன் 90/90-21 எக்ஸ்பல்ஸ் ஹிமா411 ஹிமா450" என்று நீட்டி எழுதிவிடுவதுதான் வழி. பார்க்க அசிங்கமாக இருக்கும், தேடும்போது வந்து நிற்கும்.

போனில் டேலியை முழுதாக இயக்க முடியாது, பிரவுசரில் ரிப்போர்ட் பார்க்கலாம், அவ்வளவுதான். கிளவுடில் வாடகைக்கு எடுத்துப் போடலாம், அது தனிச் செலவு. மெக்கானிக்குகள் தங்கள் போனிலிருந்தே பார்ட்ஸ் பதிய வேண்டும் என்று நினைக்கிற கடைக்கு டேலி சரிப்படாது.

அந்த மாதிரிக் கடைக்கு ஜோஹோ. நம் ஊர்க் கம்பெனி என்கிற பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்குக்கான ஜோஹோ புக்ஸும் ஸ்டாக்குக்கான ஜோஹோ இன்வென்டரியும் சேர்ந்தால் நல்ல ஜோடி. இங்கே சேல்ஸ் ஆர்டரையே ஜாப் கார்டாக வைத்துக்கொள்ளலாம். ஆர்டரை உறுதி செய்ததும் அந்தப் பார்ட்ஸ் ஒதுக்கப்பட்ட ஸ்டாக்காகப் போய்விடும், விற்கக் கிடைப்பது எவ்வளவு என்பது தனியாகத் தெரியும். அலமாரியில் நான்கு பிரேக் பேடு செட் இருந்து மூன்று ஒதுக்கப்பட்டிருந்தால் கவுன்டருக்கு ஒன்று என்று காட்டும். நான் முதலில் சொன்ன சாயங்காலச் சண்டைக்கு இதைவிடச் சுத்தமான மருந்து இல்லை. ஃபிரேம் நம்பர், ஹவர் மீட்டர் ரீடிங் இவற்றுக்கு நாமே தனிக் கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம், எதுவும் 0000 கேட்காது. செயின், ஸ்ப்ராக்கெட் செட்டாகவும் போக வேண்டும், ஸ்ப்ராக்கெட் தனியாகவும் போக வேண்டும் என்றால் கூட்டுப் பொருளாக அமைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

ஆண்டு விற்றுமுதல் 25 லட்சத்துக்குள் இருந்தால் புக்ஸுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது, புதிதாகக் கடை போடுகிறவர்கள் அதில் தொடங்கலாம். அதற்கு மேலே போனால் மாதக் கணக்கு, நமக்குத் தேவையான வசதி எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும், நமக்கு வேண்டியது எப்போதும் ஒரு படி மேலே இருக்கிற திட்டத்தில்தான் இருக்கும்! நெட் போனால் வேலை நின்றுவிடும் என்பது இன்னொன்று. ஊருக்கு வெளியே மண் ட்ராக்கில் ரேஸ் நடக்கும்போது ஸ்டால் போட்டால் கிளட்ச் லீவரும் ஸ்பார்க் பிளக்கும் அடுக்கடுக்காகப் போகும், டவர் கிடைக்காது. நோட்டில் எழுதிவிட்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்ற வேண்டியதுதான்.

அங்கே வியாபார் என்கிற பில்லிங் ஆப் நன்றாக உதவும். ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலே பில் போடும், லிட்டர், மில்லி என்று இரண்டு அளவுகள் வைக்கும், கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். ஒரே ஆள் கவுன்டரும் பார்த்து ஸ்பேனரும் பிடிக்கிற கடை என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். வண்டிகள் சேர்ந்து, மூலையில் நான்கைந்து ஜாப் நிற்கத் தொடங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு லைட்ஸ்பீடு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. அமெரிக்க பைக் டீலர்கள் பயன்படுத்தும் டீலர் சிஸ்டமான லைட்ஸ்பீடு டிஎம்எஸ் வேறு, கனடாவின் மான்ட்ரியலில் இருந்து வரும் கடை பில்லிங் லைட்ஸ்பீடு வேறு. இரண்டும் நம் ஜிஎஸ்டிக்காகச் செய்யப்பட்டவை இல்லை, விட்டுவிடுங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் நம் மும்பைக் கம்பெனியின் தயாரிப்பு, மூல நிரலே இலவசம், ஜிஎஸ்டியும் வரும். ஆனால் சர்வர் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு தம்பி ஐடியில் இருக்க வேண்டும், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையும் இருக்கக் கூடாது.

வரி விஷயத்தில் 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு நமக்குப் பெரிய நிம்மதி. அதுவரை 28 சதவீதத்தில் இருந்த பைக் பார்ட்ஸும் டயரும் 18க்கு வந்துவிட்டன, ஆயில், ஹெல்மெட், லேபர் ஏற்கெனவே 18, ஆகப் பட்டறை பில் முழுக்க ஒரே வரி. தொந்தரவு துணியில்தான். ஜெர்சி, ரைடிங் பேன்ட் போன்ற ஆடைகளுக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. வரிக்கு முந்தைய விலை 2,700 போட்ட ஜெர்சிக்கு பில்லிலேயே பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 2,430 ஆகி 5 சதவீதத்துக்குள் வந்துவிடும். சாஃப்ட்வேர் அதைத் தானாகப் பிடிக்கிறதா? டேலியில் விலையடுக்கு வைத்து வரி அமைக்க வழி இருக்கிறது. மற்றதில் டெமோவின்போதே இந்த ஜெர்சி பில்லைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், நன்றாகப் பொழுது போகும்.

அட்வான்ஸையும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பார்ட்ஸுக்கு முன்பணம் வாங்காமல் ஆர்டர் போட முடியாது. பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு அப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டாம், லேபருக்கு வாங்கும் அட்வான்ஸுக்குக் கட்ட வேண்டும். கஸ்டமர் மொத்தமாக ஜிபேயில் பத்தாயிரம் அனுப்புகிறார், அதைப் பிரித்துப் போட ரசீதில் இடம் இருக்க வேண்டும், எந்த வண்டிக்கு வந்தது என்பதும் பதிவாக வேண்டும்.

தெரிந்த ஒரு கடைக்காரர் சின்னக் கம்பெனி ஒன்றிடம் "வாழ்நாள் லைசென்ஸ்" என்று வாங்கினார். வேறு இடத்துக்கு மாறும்போது டேட்டா கேட்டால் பிடிஎஃப் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பார்ட்ஸ் பெயர்களைத் திரும்பக் கையால் அடித்தார் மனுஷன். பணம் கொடுக்கும் முன் ஸ்டாக், கஸ்டமர், பாக்கி மூன்றையும் எக்செலில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆடிட்டரும் கம்ப்யூட்டர் பார்க்க ஒரு ஆளும் இருக்கிற கடை டேலிக்குப் போகட்டும். மெக்கானிக்குகள் போனில் பதிய வேண்டும், ஆன்லைனிலும் விற்க வேண்டும் என்றால் ஜோஹோ. தனி ஆள் கடைக்கு வியாபார். மூன்றிலும் "இந்த வண்டி இத்தனை மணி நேரம் ஓடியாச்சு, பிஸ்டன் பார்க்கணும்" என்று தானாகச் சொல்கிற வசதி எனக்குக் கிடைக்கவில்லை, அதற்கு இன்னும் சுவரில் மாட்டிய போர்டுதான்.

எதை எடுத்தாலும் ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குவது உத்தமம், பில் நம்பர் வரிசையும் புதிதாக ஆரம்பிக்கும், ஆடிட்டரும் திட்ட மாட்டார். மார்ச் கடைசி வாரத்தில் ஸ்டாக் எண்ண ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஓ-ரிங்கையும் ஆயில் சீலையும் எண்ணுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.