பழைய லாரிக்கு மைலேஜ் வேலை: வேலூர்ப் பக்கம் எந்தப் பட்டறைக்குக் காசு கொடுக்கலாம்?

லாரி டீசல் அதிகமாகக் குடிக்கிறது என்று வேலூரில் எந்தப் பட்டறையில் சொன்னாலும், முதலில் கை போகிற இடம் இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்தான். "பம்பைக் கழட்டி லேபுக்கு அனுப்பிடலாம்ணே, சரியாயிடும்" என்பார்கள். இருக்கிற வேலைகளிலேயே செலவு அதிகம் பிடிப்பது அது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் கோளாறு அங்கே இருப்பதில்லை. சத்துவாச்சாரியில் தொடங்கி பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலை ஓரத்திலும், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்திலும் லாரிக்காரர்கள் ஏறி இறங்கும் பம்ப் லேப் (பம்பைப் பெஞ்சில் ஏற்றி அளந்து சரிசெய்யும் இடம்), டர்போ கடை, ஏர் பிரேக் கடை, பட்டைக் கடை (லீஃப் ஸ்பிரிங் வேலை), அலைன்மென்ட் கடை எல்லாவற்றையும் மைலேஜ் என்ற ஒரே கணக்கில் எடை போட்டுப் பார்க்கலாம்.

பேச்சு முழுக்க கம்ப்யூட்டர் இல்லாத வண்டிகளைப் பற்றியது. 697 இன்ஜின் போட்ட டாடா 1613, கம்மின்ஸ் 5.9 லிட்டர் போட்ட 2515, ஹினோ இன்ஜின் போட்ட லேலண்ட் மாதிரி வரிசை பம்ப் (இன்லைன் பம்ப்) உள்ள வண்டிகள். கம்ப்யூட்டர் டீசல் அளவைப் பார்த்துக்கொள்ளும் காமன் ரெயில் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது. சில சோதனைகள் அதில் ஆபத்தும்கூட.

பட்டறைக்குப் போகும் முன் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஊரில் இது முக்கியம். வேலூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் மேலே இருக்கிறது, பெங்களூர் 900 மீட்டர். 16 டன் வண்டி அந்த 700 மீட்டரை ஏற மட்டும், இன்ஜின் 35 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்தால், ஏறக்குறைய 9 லிட்டர் டீசல் கூடுதலாக எரியும். சமதளத்தில் லிட்டருக்கு 4 கிமீ கொடுக்கிற வண்டி, பெங்களூர் போகும் 210 கிமீ-யில் 3.4-க்கு இறங்கும். வண்டியில் ஒரு குறையும் இருக்காது. அந்த 9 லிட்டரும் திரும்பி வரும்போது முழுசாகக் கைக்கு வராது, பிரேக்கில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். அதனால் ஒரு வழிக் கணக்கை வைத்து மெக்கானிக்கிடம் பேசக் கூடாது. போய் வந்த மொத்தக் கணக்கு வேண்டும். அதே பங்க், பங்கில் அதே மெஷின், வண்டி நிற்கும் அதே சரிவு, கழுத்து வரை டீசல். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் உள்ளே காற்று தங்கிப் பல லிட்டர் வித்தியாசம் காட்டும். கிலோமீட்டரை போன் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். டயர் சைஸ் மாறிய வண்டியிலும், ஸ்பீடோமீட்டர் கியர் மாற்றிய வண்டியிலும் மீட்டர் பொய் சொல்லும். மேற்கே போகிற எல்லா வண்டியும் பர்கூர் ஏற்றத்தில் புகைவிடத்தான் செய்யும். அதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

முதல் காசு ஏர் பிரேக் கடைக்கும் வீல் வேலைக்கும் போக வேண்டும் என்பது எங்கள் தீர்ப்பு. காரணம் இந்த வட்டாரத்துச் சரக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு வரும் பச்சைத் தோல் உப்புப் போட்டு வருகிறது. பெட்டித் தரையில் இருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் வழியாக இறங்கி பிரேக் ஷூவை விரிக்கும் ஷாஃப்டின் புஷ், பிரேக் இடைவெளியை வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர், ஏர் பைப் எல்லாவற்றையும் அரித்துப் பிடிக்க வைக்கிறது. ஷாஃப்ட் பிடித்துக்கொண்டால் பெடலை விட்ட பிறகும் ஷூ முழுசாகத் திரும்பாது. டிரைவருக்கு வண்டி கொஞ்சம் கனமாக இருப்பதாக மட்டும் தோன்றும். டீசல் அந்த டிரம்மில் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு டெம்பரேச்சர் கன் போதும். 15 கிமீ பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி, கியரில் வேகம் குறைத்து மெதுவாக நிறுத்தி, உடனே ஒவ்வொரு டிரம்மையும் ஹப்பையும் அளக்க வேண்டும். எத்தனை டிகிரி என்பது முக்கியமில்லை, அதே ஆக்சிலின் இடதும் வலதும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் கணக்கு. 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் பிடிக்கிறது. டிரம் சூடாக இருந்தால் பிரேக், ஹப் நடு சூடாக இருந்தால் பேரிங். பிறகு ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல ஏர் பிரேக் கடை ஷாஃப்டை வெளியே எடுத்து, புஷ் மாற்றி, கிரீஸ் ஏற்றி, ரிட்டர்ன் ஸ்பிரிங் புதிதாகப் போட்டுத் தரும். அட்ஜஸ்டரை மட்டும் இரண்டு திருகு தளர்த்தி அனுப்பும் கடையில் மைலேஜ் ஒரு வாரம் கூடும், பிரேக் நிரந்தரமாகக் குறையும். அந்த வேலையை வாங்காதீர்கள்.

அங்கேயே காற்றுக் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்தி, பெடலைத் தொடாமல் கேஜைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேட வேண்டும். கம்ப்ரஸர் கூடுதலாக ஓடுவதால் போகும் டீசல் சொற்பம்தான். ஆனால் ஸ்பிரிங் பிரேக் (காற்று போனால் ஸ்பிரிங்கே பிடிக்கும் பிரேக்) உள்ள வண்டியில் அழுத்தம் குறைந்தால் பின் சக்கரம் அரைகுறையாகப் பிடிக்கும், நஷ்டம் அங்கேதான்.

அலைன்மென்ட் கடைகளைப் பற்றி ஒரு குறை. பல இடங்களில் முன் சக்கரத்தின் டோ (சக்கர முனை உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துச் சீட்டு எழுதித் தந்துவிடுகிறார்கள். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டியிலும் ஜல்லி வண்டியிலும் கோளாறு பின்னால் இருக்கிறது. பட்டையின் சென்டர் போல்ட் அறுந்தோ, புஷ் தேய்ந்தோ பின் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கும். அப்படிப்பட்ட வண்டி நேர் ரோட்டில் கோணலாக ஓடும், ஸ்டியரிங்கை டிரைவர் எப்போதும் ஒரு பக்கம் பிடித்திருப்பார், எல்லா டயரும் சற்றே தேய்த்துக்கொண்டு போகும். பின் பட்டையின் முன் முனையைச் சேஸிஸில் பிடித்திருக்கும் பின்னில் (pin) இருந்து ஹப் நடுவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் முதலில் பட்டைக் கடை, பிறகுதான் அலைன்மென்ட். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஜோடி டயரில் உள் டயரையும் சேர்த்து. ஒரே ஆக்சிலில் ரேடியலும் நைலானும் கலக்கவே கூடாது.

இனி இன்ஜின். பட்டறை மேஸ்திரி பம்பைக் கழற்றும் முன் காற்று வழியைப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் துளையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, யு வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி லோடில் ஓட்டிப் பார்த்தால், இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தில் அடைப்பு எவ்வளவு என்று சென்டிமீட்டரில் தெரியும். கம்மின்ஸ் 5.9 டர்போவுக்கு எல்லை 63 சென்டிமீட்டர். 50 தாண்டினாலே எலிமென்டை மாற்றிவிடலாம். குவாரி வண்டிக்காரர்கள் எலிமென்டை டயரில் தட்டியும் முழு அழுத்தக் காற்று அடித்தும் சுத்தம் செய்கிறார்கள். காகிதம் கிழிந்தால் தூசி நேரே டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் தின்னும்.

அடுத்து டர்போவில் இருந்து இன்டேக் மேனிஃபோல்டு வரை உள்ள ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்த இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வெளியே போகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து பம்ப் கவர்னருக்குப் போகும் சிறு ஹோஸ் ஒன்று உண்டு. டர்போ காற்று கூடக் கூட டீசலைக் கூட்டச் சொல்வது அதுதான். அது வெடித்திருந்தால் வண்டி இழுக்காது, டிரைவர் கியர் குறைத்து மிதித்து ஓட்டுவார், மைலேஜ் போகும். சில்லறைக் காசில் முடிகிற இந்த வேலைக்குப் பம்பை இறக்கிய பட்டறைகள் உண்டு.

டர்போ கடைக்குப் போவதற்கு முன் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. இறக்கை ஹவுசிங்கில் உரசினாலோ, முன்பின்னாக ஆட்டம் கையில் தெரிந்தாலோதான் வேலை வந்திருக்கிறது. ஆயில் ஏன் போகவில்லை, தூசி எப்படி வந்தது என்று கேட்காமல் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றும் கடை அடுத்த டர்போவையும் உங்களுக்கு விற்கும்.

டீசல் வழியில் காற்று ஏறுவதையும் பட்டறைக்காரர்கள் கவனிப்பதில்லை. டேங்கில் இருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதியில் டீசல் இழுக்கப்படுவதால், ஓட்டை இருந்தாலும் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பம்புக்கு வரும் பைப்பில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் மாட்டி ஓட்டுங்கள். குமிழி வந்தால் பேஞ்சோ போல்ட் வாஷர், பழைய ஹோஸ், டேங்க் பைப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகு சிலிண்டர் சோதனை. ஐடிலில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸில் ஒவ்வொன்றின் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்று தளர்த்தினால் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. நட்டின் மேல் துணி போட்டு, கையையும் முகத்தையும் விலக்கிச் செய்யுங்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. டேப்பட் (வால்வு) இடைவெளியை இன்ஜின் குளிர்ந்த நிலையில் பாருங்கள். கம்மின்ஸ் 5.9-க்கு இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். 697-க்கும் ஹினோவுக்கும் அளவு வேறு, அந்தந்த மேனுவல்படி வையுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வருகிறது, மூடியைக் கவிழ்த்து வைத்தால் குதித்து விழுகிறது என்றால் ரிங், லைனர் போயிருக்கிறது. அந்த வண்டிக்குப் பம்ப் வேலை செய்வது வீண் செலவு.

இத்தனையும் சரியாக இருந்தும் புகை கறுப்பாக வந்தால் பம்ப் லேபுக்குப் போகலாம். போகும்போது ஆறு நாஸிலும் பம்போடு போக வேண்டும். பம்பை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் லேப் வேண்டாம். நல்ல லேபை அடையாளம் காண்பது சுலபம்: பெஞ்சில் ஏற்றியதும் வேலைக்கு முன் உள்ள அளவை எழுதும், பல வேகங்களில் ஆறு கண்ணாடிக் குழாயிலும் விழும் டீசலை உங்கள் கண் முன்னே காட்டும், கடைசியில் சார்ட் தரும், ஸ்க்ரூவில் சீல் போடும். மைகோ என்ற பழைய பெயரிலேயே இன்னும் எல்லோரும் கேட்கும் பாஷ் உதிரிகளுக்குப் போலி நிறைய உலவுகிறது. கழற்றிய நாஸிலில் பொறித்த எண்ணும் புதியதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், பில்லும் வேண்டும்.

லேப்களில் ஏற்கவே முடியாதது "மைலேஜ் செட்டிங்". டீசலைக் குறைத்து வைப்பதுதான் அது. காலி வண்டியில் மைலேஜ் கூடியதுபோலத் தோன்றும். லோடு ஏற்றினால் ஒரு கியர் கீழே இறங்கி அதிக சுற்றில் ஓட வேண்டிவரும், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். எதிர்ப்பக்கம் "பிக்கப்" வேண்டும் என்று டீசலைக் கூட்டச் சொல்வதும் கெடுதல்தான். எக்ஸாஸ்ட் சூடு ஏறி ஹெட்டும் டர்போவும் வெடிப்பு விடும். கம்பெனி அளவு, அவ்வளவுதான் கேளுங்கள்.

திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. நாஸில் குழியில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் நாஸில் உயர்ந்து நின்று ஸ்ப்ரே பிஸ்டன் குழிக்குள் சரியாக விழாது, புதிய நாஸிலும் புகைவிடும். டைமிங்கைக் காதால் கேட்டு வைக்க விடாதீர்கள். கம்மின்ஸில் முதல் சிலிண்டரின் உச்சத்தைப் பிடிக்க கியர் ஹவுசிங்கிலேயே ஒரு டைமிங் பின் (pin) உண்டு. அதை வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

வேலூர் வெயிலுக்காக தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கமும் மைலேஜைத் தின்கிறது. கழற்றினால் இன்ஜின் ராத்திரியிலும் மழையிலும் சூடேறாமல் ஓடும், டீசல் முழுசாக எரியாது. கம்மின்ஸ் மாதிரி இன்ஜினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸில் சுற்றிவிடுவதால் சித்திரை வெயிலில் சூடு கூடவும் செய்யும். சூடு பிரச்சினை என்றால் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்யும் கடைக்குக் கொடுங்கள், அந்தக் காசு வீணாகாது. புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு போட்டு, அதில் பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.