நியூயார்க் ரிவர்சைட் சர்ச்: போறதுக்கு முன்னாடி மார்ட்டின் லூதர் கிங் பேச்சைக் கேட்டுட்டுப் போங்க

நியூயார்க் போறவங்க டைம்ஸ் ஸ்கொயர், சுதந்திர தேவி சிலைன்னு சுத்திட்டு வந்துடுறாங்க, மன்ஹாட்டன்ல மேல இருக்கிற ரிவர்சைட் சர்ச் பக்கம் நம்ம ஆளுங்க ரொம்பப் போறதில்ல, அதுக்காகவே இந்த ரிவ்யூ. என் மார்க் 5க்கு 5. 1ம் நம்பர் சப்வேல 116வது தெருல இறங்கி வடக்கால கொஞ்சம் நடந்தா போதும், ஹட்சன் ஆத்தைப் பாத்தாப்ல நிக்குது.

கட்டடம் அட்டகாசம். 1930ல திறந்தது, கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் போட்டது, கோபுரம் 392 அடி, அதுல 74 மணி. வாசல் சிற்பத்துல ஐன்ஸ்டீனும் டார்வினும் இருக்காங்க, சர்ச் வாசல்ல இவங்களான்னு நின்னு பாத்தேன். ஆனா கட்டடத்துக்காக மட்டும் போனா பாதிதான் பாத்த மாதிரி.

1967 ஏப்ரல் 4 ராத்திரி, அமெரிக்கக் கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை நிறுத்துங்கன்னு பேசினது இங்கதான். கூட்டம் போட்டது பாதிரியார்கள், ரபிகள்னு சொல்ற யூத மதகுருக்கள், விசுவாசிகள் எல்லாம் சேந்து போருக்கு எதிரா ஆரம்பிச்ச ஒரு அமைப்பு, ரபி ஆபிரகாம் ஹெஷலும் அன்னைக்குப் பேசினாரு, 3000 பேர் வந்திருந்தாங்க. அந்த ஆடியோ நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, தயவுசெஞ்சு முழுசா கேட்டுட்டுப் போங்க.

எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது என்னன்னா, அமைதிக்காக ஜெபம் பண்ணுவோம்னு பொதுவா சொல்லிட்டு உக்காரல மனுஷன். குண்டு போடுறதை நிறுத்து, நீயே முன்வந்து போர்நிறுத்தம் அறிவி, தாய்லாந்துல படை குவிக்காத, லாவோஸ்ல தலையிடாத, எதிர்ல சண்டை போடுற விடுதலை முன்னணிக்கும் பேச்சுவார்த்தைல இடம் குடு, வியட்நாம் பத்தின 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி வெளிநாட்டுப் படை எல்லாம் கிளம்புறதுக்குத் தேதி சொல்லுன்னு தன் அரசாங்கத்துக்கிட்டயே அஞ்சு விஷயம் கேக்குறாரு. அதோட விடல, போதகர்களுக்குக் கட்டாய ராணுவ சேவைல விலக்கு உண்டு, அந்தச் சலுகையை விட்டுட்டு, மனசாட்சிப்படி போருக்குப் போகமாட்டேன்னு பதிவு பண்ணுங்கன்னு அந்த வயசுல இருக்கிற போதகர்களுக்குச் சொல்றாரு. தன் கூட்டத்தையே பாத்து இப்படிக் கேக்க எவ்வளவு தைரியம் வேணும்!

வியட்நாம் விவசாயி கண்ல அமெரிக்காக்காரன் எப்படித் தெரிவான்னு சொல்ற இடம் இருக்கே, தண்ணில விஷம் கலந்து பயிரை அழிச்சுட்டு உங்களைக் காப்பாத்த வந்தேன்னு சொன்னா அவங்க என்ன நினைப்பாங்கன்னு கேக்குறாரு, அதைக் கேட்டப்புறம் அந்த ஹால்ல உக்காந்து பிரசங்க மேடையைப் பாத்தா மனசு கனத்துப் போயிடுது. ஏழைங்களுக்குன்னு ஒதுக்கின பணத்தைப் போர் தின்னுடுதுன்னும் சொல்றாரு, இன்னைக்கு எந்த நாட்டுச் செய்தியைப் பாத்தாலும் இது ஞாபகம் வருது.

இதுக்கு அவருக்குக் கிடைச்சது திட்டுதான். நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ரெண்டும் தலையங்கம் எழுதிக் கண்டிச்சாங்க, உரிமைப் போராட்டத்துல கூட இருந்தவங்களே விலகி நின்னாங்க. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸ்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. போர் முடிய 1975 ஆச்சு.

போரை எதிர்த்துப் பேசுறது இந்த சபைக்குப் புதுசும் இல்ல. முதல் போதகர் ஃபாஸ்டிக் முதல் உலகப் போரை ஆதரிச்சவரு, அப்புறம் மனசு மாறி 1933ல இதே சர்ச்ல, பேர் தெரியாம செத்த சிப்பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டுப் பிரசங்கம் பண்ணாரு.

மியூசியம்னு நினைச்சுப் போகாதீங்க, ஆராதனை நடக்கிற சர்ச், அதனால ஆராதனை நேரத்துல போட்டோ எடுத்துகிட்டு சுத்த வேணாம். எந்த மதம்னாலும் போய் உக்காரலாம். குழந்தைங்க கொஞ்சம் பெரியவங்கன்னா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, போற வழில டிரெயின்லயே அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டுங்க.