டிகிரி இல்லாமல் சர்டிஃபைடு ரெசிடென்ஷியல்: கிளெப்பா, காலேஜா, ஐந்தாண்டுக் காத்திருப்பா?

அமெரிக்காவில் சர்டிஃபைடு ரெசிடென்ஷியல் அப்ரைசர் (வீடுகளின் விலையை மதிப்பிடும் சான்று பெற்ற மதிப்பீட்டாளர்) ஆக நிர்ணயிக்கப்பட்ட தொழிற்பாடமும், குறைந்தது 12 மாதங்களில் சேர்த்த 1,500 மணி நேர அனுபவமும், தேசியத் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். இதில் பெரிய குழப்பம் இல்லை. பலரும் தடுமாறுவது கல்லூரிப் படிப்பு பற்றிய நிபந்தனையில்தான். அதற்கு 2018 மே 1 முதல் பல வழிகள் திறந்திருக்கின்றன.

எந்தப் பாடத்திலாவது நான்காண்டு டிகிரி இருந்தால் இந்த அலசலே உங்களுக்குத் தேவையில்லை. இந்தியாவில் பி.இ. படித்தவர்கள் நேசஸ் என்ற, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் சான்றிதழை மதிப்பிட்டு வாங்கி அனுப்பினால் பொதுவாக வேலை முடிந்தது. மூன்றாண்டு பி.காம்., பி.எஸ்சி. மட்டும் கொஞ்சம் சிக்கல். சில நிறுவனங்கள் அதை டிகிரிக்குச் சமம் என்கின்றன, சில மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்றே எழுதித் தருகின்றன. பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். பாடவாரியான அறிக்கையாக வாங்கினால், டிகிரியாக ஏற்காவிட்டாலும் கணக்கியலும் புள்ளியியலும் கீழே வரும் 30 கிரெடிட் (கல்லூரிப் பாட அலகு) கணக்கில் உதவக்கூடும்.

இரண்டாண்டு அசோசியேட் டிகிரி வணிகம், கணக்கியல், நிதி, பொருளாதாரம், ரியல் எஸ்டேட் துறைகளில் இருந்தால் செல்லும். இந்த லைசென்சுக்காக மட்டும் புதிதாக அதில் சேர்வது வீண், ஏனென்றால் பாதி கிரெடிட்டே போதும்.

டிகிரி இல்லாதவருக்கு மூன்று வழிகள். முதலாவது, சர்டிஃபைடுக்குக் கீழ்ப்படியான லைசென்ஸ்டு ரெசிடென்ஷியல் நிலையில் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லாமல் ஐந்து ஆண்டுகள். படிப்புச் செலவு இல்லை, ஆனால் வருமானத்தில் இடிக்கும். ஒன்று முதல் நான்கு குடியிருப்பு வரையிலான சாதாரண வீடுகளை 10 லட்சம் டாலருக்குக் கீழேதான் மதிப்பிடலாம். வித்தியாசமான, சிக்கலான வீடு என்றால் வரம்பு 4 லட்சம். எஃப்.எச்.ஏ. (மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு) கடன்களுக்கான அப்ரைசர் பட்டியல் வேறு 2009 அக்டோபரிலிருந்து சர்டிஃபைடு நிலையைக் கேட்கிறது. கலிஃபோர்னியாக் கடற்கரை ஊர்களில் 10 லட்சம் என்பது மாளிகை விலை அல்ல. அங்கே இந்த வழி ஐந்தாண்டுப் பட்டினிக்குச் சமம்.

இரண்டாவது, கம்யூனிட்டி காலேஜில் பத்துப் பாடங்கள், 30 கிரெடிட். ஆங்கிலக் கட்டுரை, மைக்ரோ பொருளாதாரம், மேக்ரோ பொருளாதாரம், நிதி, கணிதம், புள்ளியியல், கணினி, வணிகச் சட்டம் அல்லது ரியல் எஸ்டேட் சட்டம், கூடவே இரண்டு விருப்பப் பாடங்கள். நிச்சயமான வழி, ஆனால் மெதுவானது.

மூன்றாவது கிளெப், அதாவது வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கல்லூரிக் கிரெடிட் பெறும் முறை. என் ஓட்டு இதற்கே. தேர்வுக்குச் சுமார் 100 டாலர், தேர்வு மையக் கட்டணம் தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் கிடைக்கும். 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் பொதுவாகத் தேர்ச்சி.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட தேர்வுகள் எட்டே எட்டு: காலேஜ் அல்ஜிப்ரா 3, காலேஜ் கம்போசிஷன் 6, கம்போசிஷன் மாடுலர் 3, காலேஜ் மேத்தமேட்டிக்ஸ் 6, மேக்ரோ 3, மைக்ரோ 3, வணிகச் சட்டம் 3, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் 3. கூட்டிப் பாருங்கள்: சரியாக 30. ஒரு கிரெடிட் கூட உபரி இல்லை, எட்டிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

‘ஒன்றுதானே போயிற்று, காலேஜில் ஒரு பாடம் எடுத்து ஒட்டிவிடலாம்’ என்று தோன்றும். ஒட்டாது. கிளெப்பையும் காலேஜையும் கலந்தவுடன் விதி மாறுகிறது: இரண்டாவது வழியின் பாடப்பட்டியல் முழுவதும் நிறைவேற வேண்டும். நிதி, புள்ளியியல், விருப்பப் பாடங்கள் எல்லாம் திடீரென்று தலையில் விழும். கிளெப்பில் மட்டும் போனவருக்கு இவை தேவைப்பட்டிருக்காது.

அதனால் எழுதும் வரிசை முக்கியம். அல்ஜிப்ரா, கம்போசிஷன், மைக்ரோ, மேக்ரோ, சட்டம், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ஆகிய ஆறையும் முதலில் எழுதுங்கள். இவை இரண்டு பட்டியல்களிலும் பயன்படும். பிறகு தடுக்கினாலும் நிதி, புள்ளியியல், இரண்டு விருப்பப் பாடங்கள் என்று நான்கு காலேஜ் பாடங்களில் கரையேறலாம். கலப்பு வழியில் காலேஜ் மேத்தமேட்டிக்ஸும் மாடுலரும் பெரிதாக உதவா, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்குள் கம்போசிஷன் முதலில் வரட்டும். அதில் கட்டுரை உண்டு, ஆசிரியர்கள் திருத்துவதால் முடிவு வர நாளாகும்.

டிரெய்னியாக (பயிற்சி மதிப்பீட்டாளராக) சேர்ந்த மாதமே தொடங்கினால் மூன்று மாதக் காத்திருப்பு பெரிய இழப்பில்லை. 1,500 மணி நேரத்துக்கு எப்படியும் ஓராண்டு போகும். மணிக்கணக்கை முடித்துவிட்டுத் தொடங்குபவருக்குத்தான் ஒவ்வொரு தோல்வியும் சம்பளத்தில் வெட்டு.

மாநிலங்கள் இந்தக் குறைந்தபட்ச விதிக்கு மேலும் கேட்கலாம். கலப்பு வழியில் போவதானால் எந்தக் காலேஜ் பாடத்தை எந்தத் தலைப்பில் ஏற்பார்கள் என்று அப்ரைசர் லைசென்ஸ் தரும் உங்கள் மாநில போர்டிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரையும் பாருங்கள்: பழைய சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, கிளெப் பதிவில் வேறு மாதிரி என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.