கல்லீரல் புற்றுநோய் ஃபாலோ-அப் கிளினிக்: 5-க்கு 4 நட்சத்திரம்

அண்ணனின் கல்லீரல் கட்டியை வேறொரு மருத்துவமனையில் எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'தேவைப்பட்டால் வரவும்' என்று ஒற்றை வரி. இந்த நோய்க்கு அது போதவே போதாது. கட்டியை முழுசாக எடுத்தாலும் 5 வருடத்துக்குள் பத்தில் ஆறேழு பேருக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த கிளினிக் டாக்டர் முதலில் கேட்டது பயாப்சி ரிப்போர்ட்டைத்தான். அதில் 'மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்' என்று இருந்தது. நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் புற்றுசெல்கள் புகுந்திருக்கின்றன என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் 2 வருடத்துக்குள் வருவது பெரும்பாலும் அப்படிச் சிதறிய பழைய செல்களால். அதற்கப்புறம் வருவது பெரும்பாலும் சிரோசிஸ் பிடித்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன, மீதிக் கல்லீரலில் புதிதாகக் கிளம்புவது என்று படம் போட்டுக் காட்டினார். அதனால்தான் ஆரம்பத்தில் 3 மாதத்துக்கு ஒரு கான்ட்ராஸ்ட் ஸ்கேன் (கட்டி தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது). தேதி நெருங்கினால் நர்ஸே போன் செய்துவிடுகிறார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான டெனோஃபோவிர் மாத்திரையை அண்ணன் விடாமல் போடுகிறாரா என்றும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

கட்டி திரும்ப வந்தபோது, கல்லீரல் புற்றுநோய்க்கான அறிகுறியைப் பார்க்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை நார்மல்தான். எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுத்தது: மருந்து ஏறியதும் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்கிய ஒரு புள்ளி, 2 செ.மீ.கூட இல்லை. மறுபடி அறுவை, மாற்றுக் கல்லீரல், ஊசி வழியாகச் சுடுவது என மூன்றையும் எங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அண்ணனின் கல்லீரல் நிலைமைக்கு ஊசி வழியாகச் சுடும் மைக்ரோவேவ் அப்லேஷன் என்று முடிவானது. அதற்குப் பிந்தைய ஸ்கேன் சுத்தம்.

மறுபடி வராமல் தடுக்க மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023-இல் நம்பிக்கை தந்தது, ஆனால் நாளாக ஆக அந்தப் பலன் நீடிக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இவர்களை நம்புகிறேன்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக. டாக்டரைப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பே அது போனுக்கு வந்துவிடுகிறது; விளக்க ஆள் இல்லை. அந்த நாட்களில் அண்ணன் தூங்கவே மாட்டார். ரிப்போர்ட் வரும் அன்றே யாராவது பேச வேண்டும்.

போகிறவர்கள் பழைய ஸ்கேன் சிடிக்களையும் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கட்டாயம் கேட்பார்.