3500 கிலோ இழுக்கும் என்றால் போதுமா? கேரவனுக்கு ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் தேடுகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் பழைய பெரிய ஃபோர் வீல் டிரைவ் தேடினால், விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரே எண் வரும்: 3500 கிலோ இழுக்கும். டொயோட்டா லேண்ட்குரூசர் 200, நிசான் பாட்ரோல் ஒய்62, லேண்ட்ரோவர் டிஸ்கவரி 4, பழைய லேண்ட்குரூசர் 100 என நான்குக்கும் அதே எண்தான். அப்படியானால் விலையைப் பார்த்து ஒன்றை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். அந்த எண், வண்டியைப் பற்றிய தகவல்களிலேயே உங்களுக்கு மிகக் குறைவாக உதவுவது.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சாமான்கள் ஏற்றிய நிலையில் 2800 கிலோ வரும் இரட்டை அச்சுக் கேரவன். வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட பயணம், மற்ற நாட்களில் அதே வண்டியில் வேலைக்கும் கடைக்கும் போகவேண்டும். மெல்பனிலும் சிட்னியிலும் நம்மவர்கள் பலருடைய நிலைமை இதுதான்.

2800 கிலோ கேரவன் என்றால், அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 280 கிலோ, டோபாலின் மேல், அதாவது வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்பு உருண்டையின் மேல், உட்காரும். அதற்கு மிகவும் குறைந்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்டத் தொடங்கலாம். அது உயிருக்கே ஆபத்து. இந்த 280 கிலோ, வண்டி சுமக்கும் சுமையில் சேரும் என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. லேண்ட்குரூசர் 200 விஎக்ஸ் மாடலைப் பாருங்கள். வெறும் வண்டி சுமார் 2740 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அது எட்டக்கூடிய உச்ச எடை, அதாவது ஜிவிஎம், 3350 கிலோ. மிஞ்சுவது 610. டோபால் சுமை போனால் 330. பெரியவர்கள் இருவருக்கு 150, பிள்ளைகளுக்கு 70 போட்டால் 110 மிச்சம். முன்னால் ஸ்டீல் புல்பார், அதாவது மோதலைத் தாங்கும் காப்புச் சட்டம், ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்னொரு 70 போய்விடும். நாற்பது கிலோவுக்குள் ஃப்ரிட்ஜ், கருவிகள், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அடங்கவேண்டும். அடங்காது.

அதோடு முடியவில்லை. டோபால் பின் அச்சுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் ஏறி நின்றால் மறுமுனை எழும்புவதுபோல், பின்னால் 280 கிலோ வைத்தால் முன் சக்கரங்கள் இலகுவாகின்றன, பின் அச்சில் 400 கிலோவுக்கு நெருக்கமாக ஏறுகிறது. அச்சுக்கென்று தனி உச்சவரம்பு உண்டு. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பு தாண்டிப்போவது சாதாரணமாக நடப்பதுதான். விபத்து நடந்தபின் இந்தக் கணக்கை உங்களுக்குப் பதிலாகக் காப்புறுதிக்காரர் போட்டுப் பார்ப்பார். ஜிவிஎம் அப்கிரேட் என்று ஸ்பிரிங்கை மாற்றி வரம்பை உயர்த்த முடியும். ஆனால் அதனால் வண்டியும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை, அதாவது ஜிசிஎம், தானாக உயர்ந்துவிடாது. லேண்ட்குரூசர் 200-க்கு அது 6850 கிலோ. விற்கிறவர் அப்கிரேட் செய்தது என்று சொன்னால், சான்றிதழில் இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

மிட்சுபிஷி பஜேரோவை மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்லக்கூடும். நல்ல வண்டி, நம்பகமான வண்டி. ஆனால் 2500 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது அதன் டோபாலில் 180 கிலோதான் வைக்கலாம். நமக்கு 280 வேண்டும். எனவே அது வேண்டாம்.

லேண்ட்குரூசர் 200 டீசல்

2007 கடைசியில் வந்து 2021 வரை விற்ற வண்டி. 4.5 லிட்டர் வி8, இரண்டு டர்போ. இழுக்கும் வேலையில் இதன் அழகு, 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலமும், 1600 ஆர்பிஎம் என்ற குறைந்த இஞ்சின் வேகத்திலேயே கைக்கு வந்துவிடுவது. நியூ சவுத் வேல்ஸில் பெம்போகாவிலிருந்து பிரவுன் மவுண்டன் ஏறும்போது கியர்பாக்ஸ் திணறாமல், இஞ்சின் இரையாமல், ஒரே சீராக மேலே போகும். 138 லிட்டர் டாங்க். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் பாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார்.

இதற்கு ஒரு நோய் உண்டு. காற்று வடிகட்டிப் பெட்டி சரியாக மூடாமல் இருந்தாலோ, தரக்குறைவான ஃபில்டர் போட்டிருந்தாலோ, செம்மண் தூசி வடிகட்டியைத் தாண்டி இஞ்சினுக்குள் போகும். பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் மெல்ல மெல்லத் தேயும். வெளியில் ஒன்றும் தெரியாது. எனவே பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி கொண்டு போங்கள். பானட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃபில்டருக்கு அப்பால் இஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்சுவரைத் துணியால் துடையுங்கள். அது சுத்தமாக இருக்கவேண்டிய பக்கம். துணியில் மாவு மாதிரி மெல்லிய தூசி ஒட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விற்கிறவர் பெட்டியைத் திறக்கவே சம்மதிக்கவில்லை என்றாலும் அப்படியே.

அடுத்தது ரேடியேட்டரின் மேல்பக்கப் பிளாஸ்டிக் தொட்டி. அதில் விரிசல் விழும். விழுந்த இடத்தில் கூலண்ட் காய்ந்து இளஞ்சிவப்பு உப்புப் படிவாக நிற்கும். இது பயப்படவேண்டிய குறை இல்லை, ஆனால் கேரவனோடு மலை ஏறும்போது வெடித்தால் இஞ்சினையும் கொண்டுபோகும். ரேடியேட்டர் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

எந்த வருடம்? 2015 இறுதியில் வந்த புதுப்பிப்போடு டிபிஎஃப் என்ற புகைத்துகள் வடிகட்டி சேர்ந்தது. நகரத்துக்குள் குட்டிக் குட்டித் தூரம் ஓடும் குடும்பத்துக்கு அது தலைவலி. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யப் போதுமான சூடு கிடைக்காது. ஆரம்ப வருட வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் குடிக்கும் குறை இருந்தது. ஆகவே 2010-க்கும் 2015-க்கும் நடுவில் தேடுவதுதான் என் கருத்தில் சரி.

விலைதான் பிரச்சினை. இதற்கு அடுத்து வந்த லேண்ட்குரூசர் 300 வரிசையில் வி8 இல்லை என்று ஆனபிறகு இந்த வண்டிகளின் விலை இறங்க மறுக்கிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியதற்கும் நெஞ்சை அடைக்கும் விலை சொல்கிறார்கள்.

பாட்ரோல் ஒய்62

2013-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. 5.6 லிட்டர் பெட்ரோல் வி8, 298 கிலோவாட், 560 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் ஆட்டோ. டீசலே இல்லை. அதனால்தான் பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் விலையும் படிந்து வருகிறது. லேண்ட்குரூசருக்குக் கொடுக்கும் பணத்தில் அதைவிடச் சில வருடம் புதிய, பாதிக் கிலோமீட்டர் ஓடிய பாட்ரோல் கிடைப்பது சாதாரணம்.

"பெட்ரோல் குடிச்சே அழிச்சிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், அதில் 3000 கேரவனோடு. இழுக்கும்போது லேண்ட்குரூசருக்கு 100 கிலோமீட்டருக்கு 19 லிட்டர், பாட்ரோலுக்கு 24 என்று வைப்போம். சும்மா ஓடும்போது 12-ம் 16-ம். மொத்த வித்தியாசம் வருடத்துக்கு 430 லிட்டர். லிட்டர் 2 டாலர் என்றால் 860 டாலர். பாட்ரோல் சாதாரண 91-ஐ அல்ல, விலை கூடிய 95 ஆக்டேன் பெட்ரோலைக் கேட்கும், ஆகவே ஆயிரம் என்றே வையுங்கள். வாங்கும்போது 20,000 டாலர் மிச்சம் பிடித்தவர் அதை எரிபொருளில் இழக்க இருபது வருடம் வேண்டும். டீசல் இன்ஜெக்டர், டர்போ, டிபிஎஃப் என்று பின்னால் வரக்கூடிய பெரிய பில்களும் இதில் இல்லை.

ஓட்டும் விதம் வேறு. மலையில் இது கியர் இறங்கி 4000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு ஏறும். டீசல் பழகியவருக்கு முதலில் வண்டி கஷ்டப்படுகிறதோ என்று சந்தேகம் வரும். படவில்லை, அந்த இஞ்சின் வேலை செய்யும் விதமே அது. சுமக்கும் இடமும் சுமார் 700 கிலோ, லேண்ட்குரூசரைவிட ஒரு ஆளின் எடை கூட. ஜிசிஎம் 7000.

கவனிக்கவேண்டியது ஹெச்பிஎம்சி என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். ஸ்டெபிலைசர் கம்பிக்குப் பதிலாக நான்கு சக்கரத்தையும் எண்ணெய்க் குழாயால் இணைத்த ஏற்பாடு. வளைவில் வண்டியைச் சாயவிடாமல் பிடிக்கும், கேரவனோடு அருமை. ஆனால் கசிந்தால் செலவு. சக்கர வளைவுகளுக்குள் டார்ச் அடித்து, குழாய் இணைப்புகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கிறதா பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். டிக் டிக் என்ற சத்தம் கேட்டு, சூடானதும் நின்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம்.

இதன் உண்மையான பலவீனம் தூரம். 140 லிட்டர் டாங்க் இருந்தும் கேரவனோடு 580 கிலோமீட்டர்தான். தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கே போகும் நல்லார்பர் பாதைக்கு இது தாராளம். அங்கே எரிபொருள் விற்கும் ரோட்ஹவுஸ்களுக்கு இடையே 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மத்திய ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறங்களில், பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்க 2005-இல் கொண்டுவந்த ஓபல் என்ற 91 ஆக்டேன் எரிபொருளும் டீசலும் மட்டுமே விற்கும் ஊர்கள் உண்டு. அந்தப் பக்கம் மாதக்கணக்கில் சுற்றப் போகிறவர் லேண்ட்குரூசருக்குக் காசு கொடுப்பது நியாயம். இந்தக் குடும்பம் அப்படிப் போகப்போவதில்லை. நான் இவர்களுக்குப் பாட்ரோலைத்தான் சொல்வேன்.

மற்ற இரண்டு

இழுக்கும்போது ஓட்டுநருக்குக் கிடைக்கும் நிம்மதியை மட்டும் பார்த்தால் டிஸ்கவரி 4-தான் முதலிடம். 3.0 லிட்டர் டீசலில் 600 நியூட்டன் மீட்டர், கேரவனை மாட்டியதும் தானே மட்டமாகும் ஏர் சஸ்பென்ஷன், விலையும் சகாயம். ஆனால் அந்த இஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் என்ற முக்கியச் சுழல்தண்டு உடைவது தெரிந்த விஷயம். உடைந்தால் இஞ்சினே போச்சு. முன்னறிவிப்பும் பெரும்பாலும் இருக்காது. பெரிய வேலைகள் சிலவற்றுக்கு வண்டியின் கூண்டையே சட்டத்திலிருந்து தூக்கிவிட்டுத்தான் கைவைக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே லேண்ட்ரோவர் மட்டும் பார்க்கும் மெக்கானிக் இருந்து, கையில் அவசரப் பணமும் இருந்தால் யோசிக்கலாம். பிள்ளைகளோடு செல்போன் சிக்னல்கூட இல்லாத இடத்துக்குப் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

லேண்ட்குரூசர் 100-இன் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ டீசல், டொயோட்டா செய்த மிக நல்ல இஞ்சின்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 430 நியூட்டன் மீட்டர்தான், மலையில் லாரிகளோடு சேர்ந்து பொறுமையாக ஏறவேண்டும். வாங்குவதானால் ஐந்து கியர் ஆட்டோ வந்த 2002-க்குப் பிறகு உள்ளதைப் பாருங்கள். 2007-இல் நின்றுபோன வண்டி என்பதால் ரப்பர், ஒயரிங், துரு எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது. தானே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது சொத்து.

எதை எடுத்தாலும் வண்டியின் பின்பக்கத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். டோபால் பொருத்திய இரும்புச் சட்டமான டோபாரில், அது எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதிய தகடு இருக்கும். வண்டி 3500 இழுக்கும் என்றாலும் மாட்டியிருக்கும் டோபார் அதற்குக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் வரம்பு. டோபார் போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து உலோகம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். பின் சேசிஸ் மட்டும் துருப்பிடித்திருந்தால் கடலில் படகு இறக்கிய வண்டி. கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். "அது சீல் பண்ணது, மாத்தவே தேவையில்லை" என்ற பதில் வந்தால், இழுத்த வண்டிக்கு அது நல்ல பதில் இல்லை. பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டிப் பார்த்தால் வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியாக வந்து வண்டி வீட்டுக்கு வந்தபின், முதல் பயணத்துக்கு முன், குடும்பம், சாமான், தண்ணீர் டாங்க் எல்லாம் ஏற்றிய நிலையில் கேரவனோடு பொது எடைமேடைக்குப் போங்கள். அச்சு அச்சாக நிறுத்திப் பார்த்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பு தாண்டியிருந்தால் முதலில் கேரவனின் தண்ணீரைக் குறைப்பதா, புல்பாரைக் கழற்றுவதா என்பதை அந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.