பச்சைத் திரையோடு 26 ஆண்டுகள்

1998-ல், தேசிய சேவை முடிந்த கையோடு, சிங்கப்பூரில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் இரவு ஷிஃப்ட் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சி மொழியும் யூனிக்ஸும் படித்திருந்தேன். மெயின்ஃப்ரேம், அதாவது வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஓட்டும் பெருங்கணினி, என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் பார்த்ததோடு சரி. முதல் இரவு ஷிஃப்ட் தலைவர் என்னைக் கன்சோல் முன்னால் உட்கார வைத்தார். "தம்பி, இன்னிக்கு எதையும் தொட வேணாம். ஓடுற மெசேஜை மட்டும் பாரு. நம்பருக்கு அப்புறம் வர்ற எழுத்து ஏ-ன்னு இருந்தா என்னைக் கூப்பிடு" என்றார்.

விடியற்காலை நான்கு மணிக்குள் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்தத் திரையில் ஓடும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு. முதல் சில எழுத்துகள் எந்தப் பகுதி பேசுகிறது என்று சொல்லும். ஐஇஎஃப் என்றால் வேலைகளை நடத்தும் பகுதி, ஐஇசி என்றால் தரவைப் படித்து எழுதும் பகுதி, டிஎஸ்என் என்றால் டிபி2 என்ற தரவுத்தளம். பிறகு ஓர் எண். பெரும்பாலும் கடைசியில் ஓர் எழுத்து: ஐ என்றால் தகவல், டபிள்யூ என்றால் காத்திருக்கிறது, ஏ என்றால் மனிதர் ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டும். கையேட்டில் அந்தக் குறியைத் தேடினால் காரணமும் செய்ய வேண்டியதும் எழுதியிருக்கும். இயந்திரம் இவ்வளவு ஒழுங்காகப் பேசும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்குப் பிடித்த பிடிப்பு இன்னும் விடவில்லை.

இப்போது நான் சிஸ்டம்ஸ் புரோகிராமர், அதாவது இயங்குதளத்தை நிறுவிப் பராமரிப்பவன். எங்கள் வட்டத்தில் சிஸ்ப்ராக். வேலைப் பொறுப்பு மாறிவிட்டது. இயங்குதளம் மட்டும் ஓஎஸ்/390-ல் தொடங்கி இசட்/ஓஎஸ் 3.1 வரை ஒரே கோட்டில் வந்திருக்கிறது. மெயின்ஃப்ரேமைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கும், இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் இளையர்களுக்கும், இத்தனை ஆண்டு பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரம். மெயின்ஃப்ரேம் என்றதும் பலர் ஒரு மண்டபத்தை அடைக்கும் கணினியைக் கற்பனை செய்கிறார்கள். ஐபிஎம் 2022-ல் கொண்டுவந்த இசட்16 ஒரு குளிர்சாதனப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அலமாரி, மிகப் பெரிய அமைப்பில் அப்படி நான்கு, அவ்வளவுதான். கணக்குப் போடும் வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. உள்ளே வரும் தரவும் வெளியே போகும் தரவும்தான் இதன் பலம். வட்டுகளோடும் டேப்புகளோடும் பேசுவதற்குச் சேனல் என்ற தனி வழிகளும் அதற்கென்றே செயலிகளும் இருக்கின்றன. அதனால் மையச் செயலி, வட்டு திரும்பிப் பதில் தரும்வரை காத்திருப்பதில்லை. அடுத்தவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பச்சைத் திரை என்று நாங்கள் சொல்லும் 3270 முனையத்திலும் இதே சிந்தனைதான். 24 வரி, 80 எழுத்து. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கணினிக்குப் போகாது. திரை முழுவதையும் நிரப்பிவிட்டு என்டர் அழுத்தினால் மொத்தமாகப் போகும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இயந்திரத்தில் வேலை செய்ய முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இயங்குதளம் ஒன்றே ஒன்று என்று நினைக்க வேண்டாம். வங்கிகளில் பெரும்பாலும் இசட்/ஓஎஸ். அதன் மூதாதை, 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக்காக எழுதப்பட்ட ஓஎஸ்/360. அது எம்விஎஸ் ஆகி, ஓஎஸ்/390 ஆகி, 2001-ல் இசட்/ஓஎஸ் ஆனது. விமான முன்பதிவு போல நொடிக்கு நொடி குவியும் பரிவர்த்தனைகளுக்கு இசட்/டிபிஎஃப். சிறிய நிறுவனங்களில் விஎஸ்இ. ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இசட்/விஎம், 1972-ல் வந்த விஎம்/370-ன் வாரிசு. இன்று மேகக் கணினி பற்றிப் பேசுபவர்கள் புதிதென்று நினைக்கும் பலவற்றை அது அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்தது. அப்புறம் லினக்ஸும் இதில் ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு ஒன்று. வேலைகளை வரிசைப்படுத்தும் ஜெஸ்2 என்ற பகுதி, தன் செய்திகளை இன்னும் ஹாஸ்ப் என்ற முன்னொட்டோடுதான் எழுதுகிறது. ஹாஸ்ப் என்பது ஹூஸ்டன் நகரின் பெயரில் தொடங்கும் ஒரு சுருக்கம். நாசாவின் விண்வெளி மையத்துக்காக எழுதப்பட்ட நிரல் அது. ஐஎம்எஸ் என்ற தரவுத்தளமும் அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காகப் பிறந்ததுதான். சம்பள நாளன்று இரவு கன்சோலில் ஹாஸ்ப் ஹாஸ்ப் என்று வரிகள் ஓடும்போதெல்லாம் எனக்கு நிலவுக்குப் போனவர்கள் நினைவு வரும்.

சரி, 26 ஆண்டு பழகியதில் நான் மதிக்கும் குணம் எது என்று கேட்டால், பழைய நிரலுக்குக் கொடுத்த வாக்கை இது மீறுவதில்லை என்பதைத்தான் சொல்வேன். சிஸ்டம்/360-ல் முகவரிக்கு 24 பிட்; அதாவது 16 மெகாபைட் நினைவகம். செயலி எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டரில் 32 பிட் இருந்தும் மேலே உள்ள 8 பிட்டை இயந்திரம் கண்டுகொள்ளாது. அன்றைய நிரலாளர்கள் அந்த இடத்தை வீணாக்காமல் தங்கள் குறிப்புகளை அதில் வைத்துக்கொண்டார்கள். 1983-ல் நினைவகத்தைப் பெரிதாக்க வேண்டி வந்தபோது 32 பிட்டையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் 31 பிட்டை மட்டும் எடுத்தார்கள். உச்சியில் உள்ள ஒரு பிட்டை, பழைய நிரல்கள் 'இதுதான் கடைசி அளவுரு' என்று குறிக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. முகவரி எந்த முறையில் உள்ளது என்று காட்டவும் அது தேவைப்பட்டது. 64 பிட் வந்தபோது இன்னும் ஒரு படி போனார்கள். 2 ஜிகாபைட்டுக்கும் 4 ஜிகாபைட்டுக்கும் இடைப்பட்ட முகவரிகளை வெறுமனே விட்டுவிட்டார்கள். உச்சி பிட் போட்ட ஒரு பழைய முகவரி தவறிப்போய் 64 பிட்டாகப் படிக்கப்பட்டால் அந்தக் காலி இடத்தில்தான் போய் விழும், உடனே பிடிபடும். 16 மெகாபைட் எல்லையை நாங்கள் லைன் என்போம், 2 ஜிகாபைட் எல்லையை பார் என்போம். மூன்று காலத்து நிரல்களும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் குடியிருப்பவர்களை வெளியேற்றாமலேயே எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கியைக் கட்டிக் கொடுத்தார்களே, எனக்கு அந்த வேலைதான் நினைவுக்கு வரும்.

இது ஏட்டுப் பெருமை இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு வட்டிக் கணக்கு நிரல் 1986-ல் கம்பைல் செய்யப்பட்டது. அதன் மூலநிரல்கூட எங்களிடம் முழுதாக இல்லை. ஒவ்வொரு மாத இறுதியிலும் சரியாக ஓடுகிறது.

இரண்டாவது குணம், தவறு நடந்தால் மறைக்காமல் நின்றுவிடுவது. இதை ஒரு சம்பவத்தால்தான் விளக்க முடியும். ஒரு மாத இறுதி இரவு, சம்பள வரவு பேட்ச், அதாவது மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலை, எஸ்0சி7 என்ற பிழைக்குறியோடு விழுந்தது. வாயால் சொல்லும்போது சாக்-செவன் என்போம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று பொருள். மெயின்ஃப்ரேமில் பணத்தைப் பாக்டு டெசிமல் என்ற வடிவில் வைப்போம். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம். கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 125 என்றால் 12 5சி. அதில் சி என்பது கூட்டல் குறி. பின்னக் கணக்கில் ஒரு காசும் தேயாமல் பத்தடிமானத்திலேயே வன்பொருள் கூட்டிக் கழிக்கும்.

அன்றைக்குக் கோப்பு வழக்கமான பாதையில் வரவில்லை. இடையில் புதிதாக ஒரு யூனிக்ஸ் சர்வர் சேர்க்கப்பட்டிருந்தது. அங்கிருந்து அனுப்பியவர்கள் பைனரி, அதாவது பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பு, என்று குறிப்பிடாமல் எழுத்துக் கோப்பாக அனுப்பிவிட்டார்கள். எழுத்துகளை எண்களாகக் குறிக்க யூனிக்ஸ் பயன்படுத்துவது ஆஸ்கி, மெயின்ஃப்ரேம் பயன்படுத்துவது எப்சிடிக். வழியில் ஒவ்வொரு பைட்டும் எழுத்து என்று நினைத்து மொழிமாற்றம் செய்யப்பட்டுவிட்டது. 5சி என்பது ஆஸ்கியில் பின்சாய்கோடு. எப்சிடிக்கில் அது இ0. குறி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். வன்பொருளே கணக்குப் போட மறுத்துவிட்டது. விழுந்த கணத்தில் நினைவகத்தைப் படியெடுத்து வைக்கும் டம்ப்பைத் திறந்தால் எந்தக் கட்டளை, எந்தப் பதிவு, எந்தப் புலம் என்று எல்லாம் கையில்.

ஆனால் எங்கள் வயிற்றைக் கலக்கியது வேறொன்று. அதே கோப்பில் 123 என்ற தொகை, அதாவது 12 3சி, 12 4சி ஆக மாறியிருந்தது. 124. முழுக்கச் செல்லுபடியாகும் எண். அந்தப் பதிவுகளை நிரல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கும். சாக்-செவன் விழுந்ததால்தான் கோப்பையே சந்தேகப்பட்டோம். எல்லாவற்றையும் திருப்பி, கோப்பை மறுபடி பைனரியாக வாங்கி, விடிவதற்குள் ஓட்டி முடித்தோம். அன்று காலை தேக்காவில் இறங்கித் தோசையும் தேநீரும் சாப்பிட்டபோது கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மொத்தத் தொகையைச் சரிபார்க்காமல் எந்தக் கோப்பையும் நான் உள்ளே விடுவதில்லை.

நிற்காமல் ஓடுவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லாரும் சொல்வதுதான். ஒரு செயலி பழுதானால் உள்ளேயே இருக்கும் உதிரிச் செயலி அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும். 32 சிஸ்டம்கள் வரை சேர்ந்து ஒன்றாக இயங்கும் பேரலல் சிஸ்ப்ளெக்ஸ் 1994-லேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. 2014 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த நாணய ஆணைய விதிப்படி, வங்கியின் முக்கிய சிஸ்டம் ஒன்று எதிர்பாராமல் முடங்கும் நேரம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் சேவை வந்த பிறகு இரவு இரண்டு மணிக்கும் காப்பிக்கடையில் யாராவது பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பராமரிப்பு என்றால் சிஸ்ப்ளெக்ஸில் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றுவதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜேசிஎல் என்ற வேலைக் கட்டுப்பாட்டு மொழி துளையட்டைக் காலத்தின் உருவம். இன்றும் 80 பத்தி, பெயருக்கு 8 எழுத்து. அதில் காண்ட் என்ற நிபந்தனை தலைகீழாக வேலை செய்யும். நிபந்தனை உண்மையானால் அடுத்த படி ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதில் உண்மையானால் அந்தப் படி தாண்டப்படும். நான் கற்றுக்கொடுத்த ஒவ்வொருவரும் இதில் ஒரு முறையாவது விழுந்திருக்கிறார்கள். இஃப்-தென்-எல்ஸ் வசதி பிறகு வந்தது. புதிதாக எழுதுபவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

செலவும் உண்மைதான். மென்பொருள் உரிமக் கட்டணத்தின் பெரும்பகுதி, தொடர்ந்து நகரும் நான்கு மணி நேரச் சராசரிப் பயன்பாடு மாதத்தில் எந்த உச்சத்தைத் தொட்டது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் என் வேலையில் பாதி, மாத இறுதி பேட்ச் வேலைகளை உச்ச நேரத்திலிருந்து நகர்த்துவது. ஒரே ஒரு மோசமான டிபி2 வினவல் தவறான நேரத்தில் ஓடினால் அந்த மாதக் கட்டணமே ஏறிவிடும்.

ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது பணம் இல்லை, ஆள். இயந்திரம் நாற்பது ஆண்டு நிரலைக் காப்பாற்றுகிறது. அதை எழுதியவர்கள் அப்படி இருக்க முடியாது. அந்த 1986 நிரல் ஏன் பிப்ரவரி மாதத்தை மட்டும் தனியாகக் கையாள்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் என் முதல் ஷிஃப்ட் தலைவர். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு மதியம் உட்கார்ந்து சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த மதியம் நடக்காமல் போயிருந்தால் அந்த அறிவு அவரோடு போயிருக்கும். நிறுவனங்கள் இயந்திரத்துக்கு மாற்று வைக்கின்றன, மின்சாரத்துக்கு மாற்று வைக்கின்றன, இந்த மதியங்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கற்க விரும்பினால் வழி இருக்கிறது. ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சித் தளத்தில் உண்மையான இசட்/ஓஎஸ்-இல் நுழைந்து பழகலாம். வீட்டுக் கணினியில் மெயின்ஃப்ரேம் போலவே நடிக்கும் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரைப் போட்டு, பழைய எம்விஎஸ் 3.8-ஐ ஓட்டிப் பார்க்கலாம். நான் அதை என் ஈசூன் வீட்டு மேசையில் ஒரு பழைய மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் எஃப்3 வெளியே, எஃப்7 மேலே, எஃப்8 கீழே என்று விரல்கள் பழகட்டும். பிறகு கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரலை வேண்டுமென்றே சாக்-செவனில் விழ வைத்து, டம்ப்பைப் படித்துப் பாருங்கள். பத்துப் பாடங்களை விட அது அதிகம் சொல்லித் தரும்.

எங்கள் குழுவில் சென்ற ஆண்டு ஒரு பெண் சேர்ந்தாள், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து நேராக. ஆறு மாதத்தில் நோட்டு முழுவதையும் படித்து முடித்து, பிப்ரவரி கணக்கில் நான் தவறாக எழுதியிருந்த ஒரு வரியையும் கண்டுபிடித்தாள். வரும் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு சிஸ்டத்தை ஐபிஎல் செய்ய, அதாவது இறக்கி இயங்குதளத்தை மறுபடி ஏற்ற, வேண்டும். மற்றவை வாடிக்கையாளர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "அண்ணே, இந்தத் தடவ கமாண்டை நான் போடட்டுமா?" என்று கேட்டாள். இசட் இஓடி என்ற நிறுத்தக் கட்டளை அடித்து இறக்குவதிலிருந்து மறுபடி ஏற்றுவது வரை அவளே செய்யப்போகிறாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏ என்று முடியும் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.